துறவிகளின் மீன்குளம்

ராகவேந்திரன் வெள்ளைச் சப்பாத்தோடு குளத்துக்குள் இறங்கினான். அவனைப் பற்றிச் சாரங்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

குளம் என்றால் தண்ணீர் நிற்கிற குளம் இல்லை. ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே, பண்டகசாலை கட்டுவதற்காக மேல்மண்ணை வழித்துப் போட்ட வயலில் கறுப்பாகப் படிந்து கிடந்த ஒரு களிமண் திட்டு. எண்ணூறு வருடங்களுக்கு முன்பு பக்கத்து மடத்துத் துறவிகள் அதில் மீன் வளர்த்திருக்கிறார்கள். இப்போது மடமும் இல்லை, மீனும் இல்லை. மிஞ்சியது சல்லடையில் தங்கும் செதில்களும், கரைக்கு அடியில் படுத்திருந்த ஓக் மரக் குழாயும்தான். முழு மரத்தைக் குடைந்து செய்தது. அடைப்பைப் பிடுங்கினால் குளம் வடிந்து மீன் கையோடு வரும். சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் அது இத்தனை காலம் தப்பியிருந்தது, காய்ந்தால் வெடித்துவிடும். சாரங்கா இரண்டு மாதமாக அதை ஈரப் பஞ்சால் சுற்றி, கறுப்புப் பொலித்தீனால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வந்தாள். மரப்பட்டையை ஒட்டிய கடைசி வளையம்கூட அதில் அழியாமல் இருந்தது. அந்த வளையங்களின் அகலத்தை அளந்து பழைய மரங்களோடு ஒப்பிட்டால் மரத்தை வெட்டிய வருடமே தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஆய்வுகூடத்து ஆட்கள் வந்து ஒரு துண்டு அறுத்தெடுப்பதாக ஏற்பாடு.

அவள் பக்கத்து எசன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். இந்த அகழாய்வு வேலையை முறையாகப் படித்துவிட்டு வந்தவள். ராகவேந்திரன் சென்னைக்காரன், பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். மண்ணில் பழைய மகரந்தம் தேடி வாரத்துக்கு இரண்டு தரம் ரயிலில் வருவான். முதல் நாளே அவள் பேசியதைக் கேட்டுச் சிரித்தான்.

"நீங்க பேசறது மலையாளம் மாதிரியே இருக்குங்க. க்யூட்."

"எங்களுக்கு இதுதான் தமிழ்," என்றாள் அவள்.

அது அவன் காதில் விழவில்லை. கரையில் நின்று சுற்றிலும் பார்த்தான். "எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு குளம் இருக்கு, இதைவிடப் பெருசா. இந்தக் குட்டைக்கா இவ்வளவு பில்டப்?"

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் அவளுக்குக் கேவலமாகவே பட்டது. மண்கரண்டியை அவன் கேக் வெட்டுகிறவன் மாதிரிப் பிடித்தான். மழை தூறினால் முதலில் கொள்கலன் அறைக்குள் ஓடுகிறவன் அவன்தான். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடமாகியும் வேலைத்தலத்தில் எல்லோரிடமும் ஆங்கிலத்திலேயே பேசினான். வீட்டுக்குப் போய் அவன் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பது சாரங்காவுக்கு வழக்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் ஏதோ மாநாட்டுக்கென்று குழாயைத் திறந்து படம் எடுத்தான். பிறகு நேரத்தைப் பார்த்தான், பையைத் தூக்கினான், ரயிலுக்கு ஓடினான். பொலித்தீனும் பஞ்சும் சுருட்டியபடியே ஓரத்தில் கிடந்தன. கொள்கலன் வாசலில் நின்று சாரங்கா அதைப் பார்த்தாள். போய் மூட இரண்டு நிமிடம் ஆகாது. திங்கட்கிழமை வந்து பார்க்கட்டும், எல்லோருக்கும் முன்னால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை வெயில் முப்பத்து நான்கு பாகை. ஞாயிறன்று ஹம்மின் ஓரத்தில் இருக்கும் ஊன்ட்றொப்பில் அம்மன் கோயில் தேர். சனத்துக்கு நடுவே நின்றபோது, அங்கிருந்து அந்த வயல் காரில் இருபது நிமிடம்தான் என்பது அவளுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது.

"ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்டுமில்லை அம்மா. வெயில்."

கார்த் திறப்பு கைக்குள்ளேயே கிலுங்கிக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை.

திங்கட்கிழமை குழாய் நீளத்துக்கும் பிளந்து கிடந்தது. பட்டைப் பக்கம் சுருண்டு, சிராய் சிராயாக உரிந்திருந்தது. ஆய்வுகூடத்திலிருந்து வந்தவர் ஒரு ஓரத்தை விரலால் தொட்டார். அது கழன்று கையோடு வந்தது. கடைசி வளையம் எதுவென்று இனிச் சொல்ல ஏலாது என்றார். அகழாய்வுத் தலைவி யூலியா எல்லோர் முகத்தையும் பார்த்து, இதைத் திறந்தது யார் என்று கேட்டாள்.

சாரங்கா ராகவேந்திரனைப் பார்த்தாள். வெயில், பொலித்தீன், ஆங்கிலம், ஏதாவது ஒரு சாட்டு வரும் என்று காத்திருந்தாள். அவன் முன்னுக்கு வந்து, உடைந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "நான். நான் மூட மறந்துவிட்டேன். வேறு யாரும் இல்லை," என்றான். காது சிவந்திருந்தது. இனி அவன் இங்கே வர வேண்டியதில்லை என்று சற்று நேரத்தில் யூலியா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

பிறகு அவன் சாரங்காவிடம் வந்தான். "சாரிங்க. ரெண்டு மாசம் நீங்க தண்ணி ஊத்திப் பாத்துக்கிட்டது." கொஞ்சம் தயங்கினான். "நான் போனப்புறம் நீங்க அந்தப் பக்கம் போகலையோ?"

"இல்லை. எனக்கு டொக்டரிட்ட ஒரு டெர்மின் இருந்தது. வெள்ளணப் போயிட்டன்."

"ஆமா, அதான்," என்று அவன் தலையாட்டினான்.

இவ்வளவு சுலபமாக நம்புகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தலையாட்டலையும் அம்மாவிடம் நடித்துக் காட்டியிருப்பாள்.

குழாய் எப்படிப் பிளந்தது என்பதோடு அன்றைய குறிப்பை எழுதுவது அவள் வேலை. கொள்கலனுக்குள் போய்ப் படிவத்தை எடுத்து, திகதியை எழுதி, பேனையோடு இருந்தாள். யன்னலுக்கு அப்பால் ராகவேந்திரன் களிமண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிராய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பலகையில் அடுக்கினான். இரண்டைச் சேர்த்துப் பார்த்தான், பொருந்தவில்லை. ஒன்றைத் திருப்பி வைத்தான். காற்று வந்து ஒரு சிராயைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் எழுந்து, கையை நீட்டியபடி, அதன் பின்னால் கறுப்பு மண்ணின் குறுக்கே போனான்.