என் பெயரில் போன ரத்தம்

போன் வந்தபோது கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தேன்.

"மாரிச்செல்வங்களா? டாக்டர் இந்துமதி பேசறேனுங்க. உங்க ரத்தத்துல நாங்க தேடுன மரபணுக் கோளாறு இருக்குதுங்க. கெட்ட கொழுப்பு நானூத்துக்கு மேல. இன்னைக்கே வாங்க. கனமா எதையும் தூக்காதீங்க."

அந்த ரத்தம் என்னுடையது இல்லை.

போன மாதம் அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். இளவயதில் மாரடைப்பில் செத்தவர்களின் பிள்ளைகளைத் தேடினார்கள். கோளாறான மரபணுவை ஒரே ஊசியில் அடக்கிப் பார்க்கும் ஆராய்ச்சி. என் அப்பா முப்பத்தெட்டு வயதில் போனவர். பெயர் கொடுத்தேன். ரத்தம் எடுத்த அன்று ஷிப்மென்ட் அவசரம், டேபிளை விட முடியவில்லை. அறையில் கூடத் தங்கும் முனீஸ் என் கார்டை மாட்டிக்கொண்டு போனான். ஒருவர் கார்டை இன்னொருவர் வருகைக்குப் பஞ்ச் பண்ணுவது எங்களுக்குப் பழக்கம். இதையும் அப்படித்தான் நினைத்தோம்.

'எனக்கு இல்லை' என்று ஒரு கணம் மனம் துள்ளியது. அடுத்த கணமே பேக்கிங் பக்கம் ஓடினேன். தோளில் பெட்டியோடு முனீஸ் நின்றான்.

"எறக்குடா!"

"என்ன மாப்ள, மேனேஜர் ஆயிட்டியா?"

சொன்னேன். சிரித்தான். "ஒங்கப்பன் சீக்கு எனக்கு எப்படிடா வரும்?"

"ரத்தம் ஒன்னுது முனீசு."

பெட்டியை இறக்கினான். முழங்கையில் இருந்த மஞ்சள் கட்டியைத் தடவினான். அதைக் கொழுப்புக் கட்டி என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

"உண்மையச் சொன்னா வெரட்டிருவாங்கடா. ஒம் பேர்லயே ஊசி போட்டுக்கிறேன்."

"இது பிள்ளைகளுக்கும் வருமாம். ஜோதிகாவ யாரு பேர்ல காட்டுவ?"

கமுதியில் இருக்கும் அவன் மகளுக்கு நாலு வயது. அவன் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

மருத்துவமனையில் எல்லாவற்றையும் சொன்னோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, உசுருக்குமா ஆள் மாத்துவீங்க?"

மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"ஆராய்ச்சில சேக்கறதப் பொறவு பாக்கலாமுங்க. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கோணும். கொழந்தையக் கூட்டியாரச் சொல்லுங்க."

அவன் வெளியே போய் மனைவிக்கு போன் போட்டான். நானும் எழுந்தேன்.

"நீங்க எங்க போறீங்க? கைய நீட்டுங்க," என்றார் டாக்டர். "உங்க ரத்தத்த இன்னும் யாருமே பாக்கலீங்களே."