அட்டையில் இல்லாத செடி

ரோஜாச் செடியைப் பிளாஸ்டிக் கவரோடு குழியில் வைக்கச் சொன்னபோதே, கையிலிருந்த களைக்கொத்தை எங்காவது விட்டெறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கவரைக் கிழித்துவிடாதே, விழா முடிந்ததும் என் வீட்டு பால்கனிக்குப் போகணும் என்றார் பள்ளி முதல்வர், கூச்சமே இல்லாமல். வாசலோரம் அவ்வளவு நிலம் சும்மா கிடக்க, குழி தோண்டச் சொன்னது பிள்ளைகளின் முள்ளங்கிப் பாத்தியில். அங்கேதான் செடி நட வரும் சிறப்பு விருந்தினர் முகத்தில் வெயில் விழுமாம், பின்னால் பேனர் தெரியுமாம். பேனரில் 'மண்ணோடு பேசும் மழலைகள்' என்று எழுதியிருந்தது. மழலைகளில் பாதிப் பேருக்கு மீசை முளைத்துவிட்டது. பேச்சு வராதவர்களே அதிகம். இதையெல்லாம் யோசிக்கிற பழக்கம் அந்தச் சிறப்புப் பள்ளியின் அலுவலக அறைக்குள் கிடையாது.

அவள் அங்கே ஆசிரியை. தோட்டமும் அவள் தலையில்தான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். படித்தவர்கள் எல்லாம் விவரமானவர்கள் என்று வேலைக்குச் சேரும்வரை நம்பியிருந்தாள். இப்போது அதை நினைத்தால் சிரிப்புக்கூட வருவதில்லை.

இன்றைக்கு அவளுக்குக் கவலை ரோஜா இல்லை, மேஸ்திரி. இடுப்பில் கைவைத்து நின்று எல்லாவற்றையும் முறைத்துப் பார்ப்பதால் ஆயாக்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் அது. வயசுக்கு வந்த பெண். ஒரு சொல் பேசாது. இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஏறவில்லை, அடுத்த பருவத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முதல்வர் முடிவு கட்டியிருந்தார். வீடு என்பது ஒரே அறை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள்; மகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போயாக வேண்டும். ஆசிரியை போய்க் கெஞ்சிக்கூத்தாடியதில் முதல்வர் கொஞ்சம் இறங்கி வந்தார். "யாரும் சொல்லாம, ஒரு வேலையைத் தானா செஞ்சு காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த வேலை களையெடுப்பு. பாத்தியின் தலைமாட்டில் ஒரு குச்சி, குச்சியில் அட்டை, அட்டையில் முள்ளங்கி இலையின் படம். முளைத்திருப்பதைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். அதேதான் என்றால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிடுங்கி வாளியில் போட வேண்டும். போட்டுவிட்டு மேஸ்திரி உள்ளங்கையை நீட்டுவாள். சரியென்றால் ஆசிரியை அதில் ஒரு தட்டு தட்டுவாள். தப்பென்றால் விரல்களை மெல்ல மடக்கிவிடுவாள். முதலில் மேஸ்திரி முள்ளங்கியையே கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டாள். எத்தனையோ முறை மடக்கிய கை அது. இப்போதெல்லாம் மடக்க வேண்டியே வருவதில்லை.

விருந்தினர் வந்தார். பிள்ளைகளுக்கு மாட்டிவிட்ட பச்சைச் சட்டைகள் முழங்காலைத் தொட்டன. உடை நனைந்துவிடுமென்று காலிப் பூவாளிகளைக் கொடுத்து ஊற்றச் சொன்னார்கள். பிள்ளைகள் கவிழ்த்துப் பார்த்தார்கள், தண்ணீர் வரவில்லை, ஆசிரியர்களைப் பார்த்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். விருந்தினர் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கவரோடு இருந்த ரோஜாவைக் கவரோடு குழியில் இறக்கினார். அது கண்ணில் படவில்லையா, பட்டும் படாததுபோல் இருந்தாரா தெரியவில்லை. ஓர் ஆயா அவர் பெயர் எழுதிய பலகையைப் பக்கத்தில் ஊன்றினாள். பிறகு மைக்கைப் பிடித்தவர், இந்தக் குழந்தைகளுக்கு நாம் கற்றுத்தர ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். அதுவாவது உண்மை, உங்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று ஆசிரியை பல்லுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரி வரிசையை விட்டு நகர்ந்தாள். யாரும் சொல்லவில்லை. பாத்தியருகே குந்தி, அட்டையைப் பார்த்தாள். ரோஜாவைப் பார்த்தாள். திரும்ப அட்டையை. ஒரு முள் குத்தியிருக்க வேண்டும்; கையை உதறிவிட்டு, இன்னும் கீழே பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கவரோடு வந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பளபளத்தது. வாளியில் போட்டுவிட்டு, ஆசிரியையிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

பேச்சு நின்றது. "இது யாரு கணக்குல வர்ற களையோ," என்று பின்னால் ஓர் ஆயா முணுமுணுக்க, இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல்வர் விருந்தினரிடம் ஓடினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இதுங்களுக்கு என்ன தெரியும்."

"தெரியும் மேடம்." தன் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அட்டையில இல்ல, புடுங்கிட்டா. நீங்க கேட்டது அதானே? யாரும் சொல்லாம, ஒரு வேலை."

முதல்வர் அருகில் வந்தார். முகத்தில் விருந்தினருக்கான சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் காதோடு காதாக இறங்கியிருந்தது. "அந்தக் கையை மடக்கி விடு. தப்புன்னு சொல்லு. திரும்ப நடட்டும். இல்லேன்னா நாளைலேருந்து அவளும் வர வேணாம், நீயும் வர வேணாம்."

மேஸ்திரி உள்ளங்கையை நீட்டியபடி காத்திருந்தாள். முள் கிழித்த இடத்தில் மண்ணோடு ரத்தம் துளிர்த்திருந்தது. மடக்கினால் என்ன ஆகும்? பூட்டு தள்ளிப்போகும், ஒருவேளை. சம்பளமும் வரும். ஆனால் அந்தக் கை இனிமேல் எதை நம்பி நீளும்? அப்பனும் அம்மாவும் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்தது, சரியாகச் செய்த பிள்ளையிடம் தப்பு என்று சொல்லவா?

தட்டினாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

மேஸ்திரி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடி பாத்தியருகே குந்தினாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, மண்ணில் ஊன்றியிருந்த விருந்தினரின் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். திரும்ப அட்டையை.