தொப்பி போட்டால் ஆண்

சுரங்கத்துக்குள் பெண் காலடி வைத்தால் மலைக்குக் கோபம் வந்து தலையில் விழும். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயிலுக்கு வழி செய்துகொண்டிருந்த எங்களுக்கு இது வேதவாக்குக்கும் மேலே. ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பெண்ணையும் உள்ளே விட்டதில்லை. மலை அதுபாட்டுக்கு விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்காக நம்பிக்கையை விட்டுவிட முடியுமா?

போன தவக்காலத்தில் அது எங்களோடு தோண்டிக்கொண்டிருந்த செரஃபினோமேல் விழுந்தது. பாறையை அசைக்கக்கூட முடியவில்லை. அவனை அங்கேயே விட்டு, முன்னால் சுவர் எழுப்பி, அதில் ஒரு சிலுவையைக் கீறிவிட்டு, பக்கவாட்டில் தோண்டிக்கொண்டு போனோம். அவனுடைய தொப்பி மட்டும் வெளியே வந்தது.

அவன் மனைவி ஓர்சோலா எங்களுக்கு மக்காச்சோளக் களி கிண்டிப் போடுகிறவள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மேஸ்திரி அம்ப்ரோஜோவிடம் வந்து நிற்பாள்.

"ஒரே ஒரு மெழுகுவத்தி, அண்ணே. அந்தச் சுவருகிட்ட ஏத்தி வெச்சிட்டு ஓடி வந்துடறேன்."

"மலை விழுந்துடும், தாயி."

"வாசல்ல நம்மளக் காக்குறாங்களே புனித பார்பரா, அவங்க யாரு? ஆம்பிளையா?"

"அவங்க செலை. வாயைத் திறக்கறதில்லையே!"

நாங்கள் சிரித்தோம். அவள் கிண்டிய களியைத் தின்றுகொண்டே சிரித்தோம்.

இலையுதிர் காலத்தில் தூரின் நகரத்திலிருந்து கம்பெனி டைரக்டர் மனைவியோடு வந்து இறங்கினார். அந்த அம்மாவுக்குச் சுரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமாம். நாங்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டோம். டைரக்டர் ஒரு பீப்பாய் ஒயினை உருட்டிவரச் சொன்னார். எங்கள் வைராக்கியம் கொஞ்சம் இளகியது. மிச்சத்தைப் பங்குச்சாமியார் பார்த்துக்கொண்டார். டைரக்டரின் உயரத் தொப்பியை அம்மாவின் தலையில் வைத்து, தீர்த்தம் தெளித்தார். தொப்பி தலையில் இருக்கும்வரை அவர் ஆண்தான் என்றார்.

"உள்ள வாங்க, ஐயா" என்று அம்ப்ரோஜோ அந்த அம்மாவைக் குனிந்து அழைத்தான்.

அப்போது ஓர்சோலா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. மடியில் ஒரு மெழுகுவத்தி. தலையில் செரஃபினோவின் தொப்பி.

"சாமி, எனக்கும் ரெண்டு சொட்டுத் தெளிங்க."

"தீர்த்தம் தீந்துபோச்சேம்மா" என்றார் சாமியார். கையில் பாத்திரம் தளும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பீப்பாய் என் பக்கத்தில்தான் இருந்தது.

டைரக்டர், அவர் மனைவி, சாமியார் மூவரும் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், துளை போடும் எந்திரத்துக்குக் காற்றுப் போகும் குழாய் படாரென்று வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலில் டைரக்டர். அடுத்து, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சாமியார். டைரக்டரின் கையில் தொப்பி பத்திரமாக இருந்தது. மனைவியைக் காணோம்.

"யாராவது உள்ள போங்கய்யா!" என்று கத்தினார்.

அம்ப்ரோஜோ தொப்பியைப் பார்த்தான். "இப்ப அம்மா தலையில தொப்பி இல்லீங்களே. அப்போ உள்ள இருக்கறது பொம்பளை. நாங்க எப்படிப் போறது? மலை விழுந்துடுமே!"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சிலுவை போட்டுக்கொண்டு நின்றோம்.

ஓர்சோலா அவன் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கினாள். "வழிய விடுங்கடா!"

நெடுநேரம் ஆயிற்று. பிறகு இருட்டுக்குள் வெளிச்சம் அசைந்தது. டைரக்டரம்மா தலை கலைந்து, முழங்கால்வரை சேறாக, ஓர்சோலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?" என்றார் டைரக்டர்.

"இவங்க புருஷன்கிட்ட பேச வேண்டியிருந்தது. நான் விளக்குப் பிடிச்சேன்" என்றார் அந்த அம்மா. கணவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அம்ப்ரோஜோ தொண்டையைச் செருமினான். "ஒண்ணும் மோசமில்ல. ஓர்சோலா தொப்பி போட்டுக்கிட்டுதானே போனா. அதனால..." பேச்சு பாதியில் நின்றது. அவள் தலை வெறுமையாக இருந்தது.

"தொப்பி எங்க?"

"அவரு தலைமாட்டுல வெச்சிட்டேன். மெழுகுவத்தியும் ஏத்திட்டேன்."

"அப்போ திரும்பி வரும்போது...?"

"பொம்பளையாத்தான் வந்தேன், அண்ணே. ரெண்டு பேருமே."

நாங்கள் எல்லோரும் மலையை அண்ணாந்து பார்த்தோம். ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை.

ஓர்சோலா விளக்கை அவன் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். களி அடிப்பிடித்திருந்தது. அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.