ரோசலியின் போனுக்குக் கேட்காத டவர்

பட்டறைக்கல்லின் மேல் இரண்டு போன்கள் மல்லாந்து கிடந்தன. ரோசலி ஷொக்கெட் ஒரு லாட ஆணியை அரத்தில் தேய்த்து ஊசியாக்கி, அதன் நுனியால் இரண்டின் விலாவிலும் குத்தி, சிம் தட்டுகளை வெளியே எடுத்தாள்.

ஒன்று அவளுடையது. அதில் டவர் இல்லை. மற்றொன்று தம்பி ஆர்மாண்டுடையது. அதில் இரண்டு கோடு நிமிர்ந்து நின்றது. இரண்டிலும் இருப்பது ஒரே கம்பெனியின் இணைப்பு. இரண்டும் கிடப்பது ஒரே கல்லின் மேல்.

சிம்களை மாற்றிப் போட்டாள். அவளுடைய சிம் தம்பியின் போனுக்குள் போனதும் இரண்டு கோடு வந்தது. தம்பியின் சிம் அவள் போனுக்குள் வந்து ஊமையானது. அப்படியானால் சிம்மில் குறையில்லை, போனில்தான் பழுது என்று முடித்துவிடலாம். ஆனால் அதே போன் காலையில் ஊர்க்கடை வாசலில் எல்லாக் கோடுகளையும் காட்டியது. அங்கே நின்றபடி அவள் இரும்புக் கடைக்காரரிடம் நிதானமாகப் பேசியுமிருந்தாள். சிம்மும் நல்லது, போனும் நல்லது, கம்பெனியின் டவரும் நல்லது. மூன்றும் இந்தப் பட்டறைக்குள் ஒன்றுகூடினால் மட்டும் செத்துப் போகின்றன.

"உசிரு போயிருச்சுக்கா. ஒரு குழி வெட்டிப் புதைச்சிரு," என்றான் ஆர்மாண்ட், வாய் நிறைய டோனட்டோடு. பால் டாங்கர் ஓட்டுகிறவன். பண்ணைகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியையெல்லாம் அக்காவின் பட்டறையில்தான் கழிப்பான்.

"கடைக்கிட்ட உசிரோடதான்டா இருந்துச்சு."

"அப்ப உன் மூஞ்சியப் பாத்துதான் பயப்படுது."

இடுக்கியை எடுத்து அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் டோனட் பையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டான்.

சிரித்தாலும் அவள் மனம் அதிலேயே கிடந்தது. ஏப்ரல் மாதம், பனி உருகி, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து மண்சாலைகளெல்லாம் கூழாகிக் கிடந்தன. சேற்றுப் பருவத்தில் குதிரை காலை ஊன்றி எடுக்கும்போது சேறு லாடத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கால் வரும், லாடம் வராது. லாடம் அடிக்கிறவர்களுக்கு ஓயாமல் அழைப்பு வரும் காலம் இது. மலைக்கு மேலே பெரிய லாயம் வைத்திருக்கும் ஹேட்டி விட்கம் அம்மாள், தன் குதிரைகளை இந்த வருடம் முதல் ரோசலியிடம் ஒப்படைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு லாயம் கைக்கு வந்தால் போதும், அவள் ஊர் ஊராக அலையவேண்டாம். விட்கம் அம்மாள் போட்டது ஒரே நிபந்தனை: கூப்பிட்டால் எடுக்கவேண்டும்.

"சேறு காயற வரைக்கும் பார்ப்பேன் ரோசலி. எடுக்கலேன்னா ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளக் கூப்பிட்டுருவேன். லாடம் கழண்ட குதிரைய வச்சுக்கிட்டு என்னால காத்திட்டிருக்க முடியாது."

இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறையும் ரோசலி பட்டறையில் இருந்தாள். பட்டறை இருப்பது மோஃபிட் நாட்ச் என்ற மலையிடுக்கில். போன் மூச்சுக்கூட விடவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்று ஆரம்பித்தான் ஆர்மாண்ட். "கம்பெனி கடையிலயே காண்ட்ராக்ட் போட்டு வாங்குன்னு. கையில ஒரு காசு கொடுக்காம வந்தேன் நான். மாசா மாசம் பில்லோட சேந்து போயிருது. வலிக்கவே இல்ல."

"மூணு வருசம் அவனுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கணுமே, அது வலிக்கலியா? நடுவுல வெளிய வந்தா மிச்சத்த மொத்தமா கறந்துருவான்."

"நான் எதுக்கு வெளிய வரணும்? எனக்கு டவர் கெடைக்குதே."

அவளும் ஒரு காலத்தில் ஒப்பந்தப் போன் வைத்திருந்தவள்தான். ஒரு பொதிக்குதிரை அதைத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட்டது. வாளியில் மூழ்கிய போனுக்கு அவள் நெடுநாள் தவணை கட்டினாள். அதன் பிறகுதான், சுத்தியல் என்னுடையது, உலை என்னுடையது, போனும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று இணையத்தில் தேடி, மலிவாகக் கிடைத்த ஒன்றை முழுப்பணம் கொடுத்து வாங்கினாள். எந்தக் கம்பெனியின் பூட்டும் இல்லாத போன். இரண்டு சிம் போடலாம். இரண்டாவது இடம் இன்றுவரை காலிதான்.

அப்போது வாசலில் பெரிய லாரி ஒன்று உறுமி நின்றது. சமையல் எரிவாயு கொண்டுவரும் லைல் இறங்கவில்லை. பாட்டை அலறவிட்டு, கண்ணாடியை ஏற்றி வைத்து, உள்ளே உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பட்டறைக் கதவும் மூடியிருந்தது. பாடுகிறவனின் குரல் உள்ளே கேட்கவில்லை, கித்தார் கேட்கவில்லை. டம், டம் என்ற அடித்தாளம் மட்டும் மரச்சுவரைத் தாண்டி வந்து ஆணிப் பெட்டியை அதிரவைத்தது.

ரோசலி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆர்மாண்ட், கனமான சத்தம் மட்டும் எப்படிடா சுவரத் தாண்டி வருது?"

"அது தடி சத்தம். சன்ன சத்தம் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னுரும்."

"டவர் அலையும் அப்படித்தான் இருக்கணும்."

அவளுடைய ஊகம் சரி. போன் கம்பெனிகள் ஒரே சுருதியில் பேசுவதில்லை. அதிர்வு கூடிய அலைகளும் உண்டு, குறைந்த அலைகளும் உண்டு. கூடிய அலை நிறைய தகவலைச் சுமக்கும், ஆனால் மலையும் மரமும் குறுக்கே வந்தால் களைத்துவிடும். குறைந்த அலை நெடுந்தூரம் போகும், மலை முகட்டில் கொஞ்சம் வளைந்து இறங்கும், சுவருக்குள்ளும் நுழையும். கடைத்தெருவில் அவர்களுடைய கம்பெனி இரண்டிலும் பேசுகிறது. நாட்ச்சுக்குள் வந்து சேர்வது குறைந்த அலை மட்டும்தான். ஒவ்வொரு போனும் எந்தெந்த அலைகளைக் கேட்கவேண்டும் என்பது அது செய்யப்படும்போதே முடிவாகிவிடுகிறது. கம்பெனி தன் கடையில் விற்கும் போன், தன் டவரின் எல்லாச் சுருதியும் கேட்கும்படி பார்த்து வாங்கி வைத்த போன். ரோசலியின் போனோ வேறொரு தேசத்துச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. போன் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அலைப் பட்டியலை அவள், தம்பியின் போனில் தேடியெடுத்த கம்பெனியின் பட்டியலோடு ஒத்துப்பார்த்தாள். மலைக்குள் வரும் அந்த ஒன்று மட்டும் இல்லை. போனில் பழுதே இல்லை. அந்தச் சுருதிக்கு மட்டும் அதற்குக் காது இல்லை.

"பாத்தியா? காண்ட்ராக்ட் போனு, மாப்பிள்ளையோட அளவுக்குத் தச்ச கோட்டு மாதிரி," என்றான் ஆர்மாண்ட். "நீ வாங்கினது பழைய துணிக்கடைக் கோட்டு. கை நீளமா இருக்கு."

"சரிடா மாப்பிள்ள. ஒத்துக்கறேன்."

லைல் உள்ளே வந்தான். அவன் கையிலிருந்த போன் அழைத்தது. எடுத்து, "நாட்ச்லதான் இருக்கேன், அடுத்தது உங்க வீடுதான்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தான்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லைல், உன்னுது எந்தக் கம்பெனி?"

அது வேறு கம்பெனி. அதற்கு நாட்ச்சின் கிழக்கு முகட்டிலேயே டவர் இருந்தது. வேறு எங்கும் அவ்வளவாகக் கிடைக்காது, ஆனால் இங்கே அருமை, என்றான் லைல். ரோசலி கையை நீட்டினாள்.

"ஒரு நிமிசம் உன் சிம்மக் குடு."

"லாட ஆணியோட வந்து நிக்கிற. மாட்டேன்னா சொல்ல முடியும்?"

முதலில் ஆர்மாண்டின் போனில் போட்டார்கள். திரையில் ஒரு வரி வந்தது: இந்த சிம்மை ஏற்க இயலாது. தவணை முடியும்வரை அந்தப் போன் வேறு கம்பெனியின் சிம்மைத் தொடாது, அப்படிப் பூட்டியிருக்கிறார்கள்.

"உன் கோட்டுக்குப் பொத்தானக் கழட்ட முடியாது போல," என்றாள் ரோசலி.

பிறகு தன் போனில், காலியாகக் கிடந்த இரண்டாவது இடத்தில் போட்டாள். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முகட்டு டவர் அவள் போனுக்குக் கேட்கும் சுருதியிலேயே பேசியது. எல்லாக் கோடும் நிரம்பியதும் அவள் சுத்தியலால் பட்டறைக்கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். கல் கணீரென்றது.

அடுத்த நாளே அந்தக் கம்பெனியின் சிம் ஒன்றை ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், வேண்டும்போது காசு போட்டுக்கொள்ளும் வகையில் வாங்கிப் போட்டாள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, அந்த சிம்முக்கு வேறு நம்பர். பழைய நம்பர்தான் அவளுடைய பிக்கப் வண்டியின் கதவில் எழுதியிருக்கிறது, தீவனக் கடைப் பலகையில் குத்தியிருக்கிறது, வாடிக்கைக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. பழைய நம்பரை இந்தக் கம்பெனிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால், நாட்ச்சைத் தாண்டினால் இதற்கு டவர் கிடையாது, அவளுடைய வேலையோ பாதி வெளியில். இங்கே புதியது வேண்டும், வெளியே பழையது வேண்டும்.

"மிசஸ் விட்கம்கிட்ட ரெண்டு நம்பரையும் குடுத்துரலாமே," என்றான் ஆர்மாண்ட்.

"ஒண்ணுக்கே எடுக்கலேன்னு கோவம். 'முதல்ல இதுல கூப்பிடுங்க, எடுக்கலேன்னா அதுல கூப்பிடுங்க'ன்னு சொன்னா, குதிரைய எம்மேலயே ஏத்திருவாங்க."

ஊர்க்கடை வாசலில் காப்பி ஆறுவதற்காகக் காத்திருந்தபோதுதான் அவளுக்கு, போனை எடுக்காததற்காக விட்கம் அம்மாள் பிறகு நேரில் பார்த்துத் திட்டியது நினைவுக்கு வந்தது. "மணியே அடிக்கல ரோசலி! எடுத்த எடுப்புல உன் குரல். 'ரோசலி பேசறேன், குளம்பு கையில இருக்கு, சேதி சொல்லுங்க'ன்னு. நான் எதுக்கு மெஷின்கிட்ட சொல்லணும்?"

மணி அடிக்கவில்லை, ஆனால் குரல் பேசியது. போனோ பட்டறையில் செவிடாகக் கிடந்தது. அப்படியானால் அந்தக் குரல் போனிலிருந்து வரவில்லை. கம்பெனியில் எங்கோ ஓரிடத்தில், 'இவளைக் காணவில்லை, அழைப்பை அந்தப் பக்கம் திருப்பு' என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவளைத் தேடி வந்த அழைப்பு வீணாகவில்லை. தவறான வாசலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

போனின் அமைப்புகளைத் திறந்தாள். அழைப்பைத் திருப்புதல் என்ற பக்கம் இருந்தது. பட்டறையில் ஒருமுறை அதைத் தொட்டபோது 'படிக்க முடியவில்லை' என்று சொல்லியிருந்தது. இங்கே உடனே திறந்தது. தன் போனுக்குள் இருக்கும் ஒன்றைப் படிக்க போனுக்கு டவர் எதற்கு? அவள் நினைத்தது சரிதான். அது கம்பெனியிடம் இருக்கும் குறிப்பு, போன் அதை எட்டிப்பார்க்கிறது. 'போன் எட்டாதபோது' என்ற வரிக்கு எதிரே அவளுக்குத் தெரியாத ஒரு நம்பர் இருந்தது. அதைக் கூப்பிட்டாள். சேதி பதியும் அவளுடைய குரல் பெட்டி எடுத்தது.

ரோசலி அந்த நம்பரை அழித்தாள். அந்த இடத்தில் தன் இரண்டாவது சிம்மின் நம்பரை எழுதினாள். திரை சிறிது நேரம் சுழன்று, பதிந்தது என்றது. காப்பி குடிக்கும் பதத்துக்கு வந்திருந்தது.

வார முடிவில் பெய்த மழையில் சாலை மறுபடி கூழானது. திங்கட்கிழமை அவள் பட்டறையில் உலையை மூட்டிக்கொண்டிருந்தாள். ஆர்மாண்ட் வழக்கமான மூலையில் வழக்கமான பையோடு உட்கார்ந்திருந்தான். போன் அழைத்தது.

"ரோசலி?" விட்கம் அம்மாளின் குரலில் ஆச்சரியம். "எடுத்துட்டியே! எங்க இருக்க?"

"பட்டறையிலதான் மிசஸ் விட்கம்."

"அந்தக் குழிக்குள்ளயா? நல்லதாப் போச்சு. பட்டர்நட் குதிர முன்னங்கால் லாடத்த சேத்துல விட்டுட்டு வந்து நிக்குது, மூஞ்சிய அப்பாவி மாதிரி வச்சுக்கிட்டு."

"லாடம் கைவசம் இருக்கு. இப்பவே கிளம்பறேன்."

"வரும்போது நிதானமா வா, ரோடு மோசம். அப்புறம், சேறு காயட்டும்னு சொன்னேன்ல? காய வேணாம். புதன்கிழமை வந்து எல்லாக் குதிரையையும் பாத்துரு. இனிமே நீதான்."

போனை வைத்த ரோசலி, சிரிப்பு அடங்காமல் லாடப் பெட்டியை வண்டியில் ஏற்றினாள். ஆர்மாண்ட் எழுந்து நின்றான்.

"அக்கா, அவங்க எந்த நம்பருக்குப் போட்டாங்க?"

"பழைய நம்பருக்கு."

"அதுக்குத்தான் இங்க டவரே இல்லியே!"

"அவங்களுக்கு அது தெரியவே வேணாம்டா," என்றாள், அவன் பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டே. "பூட்டில்லாத போனு. ரெண்டு கம்பெனி சிம் உள்ள இருக்கு. முதல் சிம்முக்கு டவர் இல்லேன்னா, அந்தக் கம்பெனியே அழைப்ப ரெண்டாவது நம்பருக்குத் திருப்பி விட்டுரும். ரெண்டு நம்பரும் இருக்கறது இதே போன்லதான். அதனால மணி அடிக்குது."