இடித்துப் பார்த்த கதவு

பூட்டுக்காரருக்குத் தொழிலில் ஒரு பழக்கம். புதுப் பூட்டை மாட்டி முடித்ததும் வெளியே போய் நிற்பார். உள்ளே இருப்பவரைத் தாழ் போடச் சொல்வார். தோளைக் கொடுத்துக் கதவை ஓங்கி இடிப்பார். கதவு அசையாவிட்டால்தான் கூலி வாங்குவார். வீட்டுக்காரர்கள் அசந்து போவார்கள். அவர் மனைவி மட்டும், அந்தத் தோள் உருப்படியாகச் செய்யும் ஒரே வேலை அதுதான் என்பாள்.

அன்று அவரை வேலைக்குக் கூட்டிப்போனது தையல்கடை அக்கா. புருஷனிடம் அடிபட்டு வெளியேறும் பெண்கள் தங்குவதற்கென்று, அக்காவும் தெருப் பெண்கள் சிலரும் கடை மாடியில் ஓர் அறை வைத்திருந்தார்கள். ஒருத்தி கோர்ட்டுக்குத் துணை போவாள், ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஆட்டோக்காரர் ஒருவர் கூப்பிட்ட குரலுக்கு வண்டியோடு வந்து நிற்பார். தன்னால் என்ன ஆகும் என்று தானாகவே கேட்டு வந்தவர் பூட்டுக்காரர். பூட்டும் என்னுது, வேலையும் என்னுது என்று சொல்லிவிட்டார்.

அந்த அறையில் மகளோடு தங்கியிருந்த ஒரு பெண்ணின் வீடு அது, வேறு தெருவில் இரண்டாம் மாடியில். அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். புருஷன் இனி அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியாகிவிட்டது. சாவி மட்டும் இன்னும் அவனிடம். பூட்டை மாற்றியதும் மகளோடு இங்கேயே இருந்து பார்க்கிறேன் என்று சொல்லித்தான் வந்திருந்தாள். மனசு கேட்காவிட்டால் மாடி அறைக்கே வந்துவிடு, யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம் என்று அக்கா தைரியம் கொடுத்திருந்தாள்.

பூட்டுக்காரர் கதவு நிலையைச் செதுக்கி, இரும்புப் பட்டை வைத்து முறுக்கினார். வேலை கச்சிதமாக முடிந்தது. பழக்கதோஷம், வெளியே போய்விட்டார். அக்காவைத் தாழ் போடச் சொன்னவர், அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் ஓங்கி இடித்தார். கதவு கல்லாக நின்றது.

"எப்படி?" என்றார் பெருமையாக.

அக்கா தாழை நீக்கித் திறந்தாள். அந்தப் பெண் சமையலறை மூலையில், மகளை இறுக அணைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"கடை மாடிக்கே போயிடலாம்க்கா" என்றாள்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, மூளையக் கடையிலயே வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டீங்களா?"

அவர் உள்ளே வராமல் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதும்மா. நான் இடிச்சிருக்கக் கூடாது. நான் உள்ள வந்து தாழ் போட்டுக்கறேன். நீங்க வெளிய நின்னு இடிங்க."

அவள் அசையவில்லை. மகள்தான் முதலில் எழுந்து வந்தது.

"அப்பா மாதிரி இடிக்கணுமா மாமா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்டுக்காரர் தரையிலிருந்து எழுந்தார்.

"வேணாம் தங்கம். உன்ன மாதிரி இடி."

மகள் அம்மாவை வெளியே இழுத்துப்போக, பின்னாலேயே அக்காவும் போனாள்; அவர் உள்ளே வந்து தாழ் போட்டார். முதலில் சின்னக் கைகள் படபடவென்று தட்டின. கூடவே சிரிப்பு. பிறகு பெரிய உள்ளங்கை ஒன்று, தயங்கித் தயங்கி. அப்புறம் தோள். இத்தனை வருஷத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அடுத்த இடிக்குத் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

"திறக்கல" என்றது வெளியிலிருந்து மூச்சிரைக்கும் குரல்.

"திறக்காதும்மா."

"இன்னொரு வாட்டி?"

"உங்க கதவும்மா. ஆசை தீர இடிங்க."

மேல்மாடிக்காரர் படியில் எட்டிப் பார்த்து என்ன கலாட்டா என்றார். பூட்டுக்குப் பரீட்சை நடக்கிறது, பாஸாகிவிட்டது, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று அக்கா அவரை அனுப்பிவைத்தாள்.

பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். அவள் சாவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகம் வேர்த்திருந்தது.

"நீங்க வெளிய நில்லுங்கண்ணே. நானே ஒரு தடவ பூட்டிப் பாக்கறேன்."

மகளோடு உள்ளே போனாள். சாவி திரும்பியது. தாழ் விழுந்தது. வெளியே அக்காவும் அவரும் காத்திருந்தார்கள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம், குழந்தை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம். கதவு மட்டும் திறக்கவில்லை.

"அக்கா, என் டிரில்லிங் மிஷின் உள்ள மாட்டிக்கிச்சே" என்று முணுமுணுத்தார். தட்டுவதற்கு விரலை மடக்கிக் கையைத் தூக்கியவர், அப்படியே இறக்கிக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்கு?" என்றாள் அக்கா.

"மிஷின் இல்லாத வேலையாப் பாத்துக்கறேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் படியிறங்கினார்.