இல்மாரின் சாவுக்குப் போட்ட பீர்

செவிலி வந்து பார்த்துவிட்டு, வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "பத்து நாள். மிஞ்சிப் போனா ரெண்டு வாரம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். தாழ்ந்து சொல்லி என்ன பிரயோஜனம்? இல்மாருக்கு ஈரல்தான் கெட்டிருந்தது, காது பாம்புக் காது. பெண்டாட்டி சால்மே கதவைச் சாத்திவிட்டு உள்ளே வருவதற்குள் அவன் கட்டிலில் கிடந்தபடியே விரல் விட்டு எண்ணி முடித்திருந்தான்.

"சனிக்கிழமை பீர் போட்டுடு" என்றான்.

"எதுக்கு?"

"என் சாவுக்குத்தான். பின்ன உன் ரெண்டாங் கல்யாணத்துக்கா?"

சாரெமா தீவில் செத்தவரை நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அடக்கம் செய்துவிடுவார்கள். வீட்டு பீருக்கு அந்த அவகாசம் போதாது என்பது இல்மாரின் கட்சி. மூன்றாம் நாளே ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. அவர்களை அவன் மனிதராகவே மதித்ததில்லை. நிலவறைக் குளிரில் ஒன்பது நாள் கிடந்தால்தான் பீர் பீராகும். அதற்கப்புறம் இரண்டு வாரம் ஜோராக இருக்கும். பிறகு புளித்துவிடும். கொதிக்க வைக்காத பீர், அதன் ஆயுசு அவ்வளவுதான்.

சாவு வீட்டில் புளித்த பீர் ஊற்றினால் அந்தப் பெயர் ஏழு தலைமுறைக்கும் போகாது. ஹூகோ என்று ஒருவன் நாற்பது வருஷம் படகு கட்டினான், பனிக்கடலில் விழுந்த மூன்று பேரைக் கரையேற்றினான். இன்று போய்க் கேட்டால், "யாரு, புளிச்ச பீர் ஹூகோவா?" என்பார்கள். அந்தப் பெயரை வைத்ததே இல்மார்தான். இப்போது தன் முறை வந்ததும் அவனுக்கு உதறல்.

சனிக்கிழமை விடிந்ததும் சால்மே குளியல் குடிசையில் அடுப்பு மூட்டி, கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, வாசனைக்கு ஜூனிபர் புதரின் கிளைகளைப் போட்டாள். நாற்பத்தாறு வருஷமாக இதே வேலை. தண்ணீர் சுட வைப்பவள், தொட்டி கழுவுபவள் எல்லாம் அவள். கரண்டியை நக்கிப் பார்த்துத் தலையாட்டுபவன் அவன். பேர் அவனுக்கு, பாத்திரம் அவளுக்கு.

தண்ணீரின் சூட்டை முகம் பார்த்துத்தான் சொல்வார்கள். கொதித்ததை இறக்கி வைத்து, ஆவி அடங்கி முகம் துல்லியமாகத் தெரிகிற நேரத்தில் மால்ட்டைக் கொட்ட வேண்டும். முந்தினால் கஞ்சி, பிந்தினால் இனிப்பு இறங்காது. குனிந்து பார்த்தாள். ஒரு கிழவியின் முகம் தெரிந்தது. சரி, தெரிகிறது, கொட்டலாம் என்று மட்டும் நினைத்தாள். அக்டோபரில் டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை. ஊர் அவளைத் திடமான மனுஷி என்றது. திடமாவது மண்ணாவது! பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கடித்தாலும் தெரியாது.

மால்ட் என்பது முளைகட்டிக் காய வைத்து உடைத்த பார்லிதான். அதை மரத்தொட்டியில் கொட்டி, பக்கத்து வீட்டு எந்தெல் துடுப்பால் கிண்டக் கிண்ட, இவள் வெந்நீரை மொண்டு ஊற்றினாள். மூடி போட்டு, மூடிமேல் இல்மாரின் பழைய கோட்டைப் போர்த்தி, இரண்டு மணி நேரம் விட்டார்கள். பிறகு நடுவிலிருந்த அடைப்புக் கழியை விரற்கடை தூக்கியதும், அடியில் பரப்பிய வைக்கோலிலும் ஜூனிபரிலும் வடிந்து சாறு வந்தது. முதலில் கலங்கல்; அதைத் திரும்ப மேலே ஊற்றினாள். அப்புறம் தேன் நிறத்தில் தெளிந்து இறங்கியது.

கசப்புக்காகத் தனியாக வேகவைத்த ஹாப்ஸ் பூவின் சாற்றையும் கலந்து, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு இல்மாரிடம் போனாள். அவன் நுனிநாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"ஹாப்ஸ் எத்தனை கைப்பிடி?"

"ஒன்பது."

"எட்டு."

எட்டுதான். எண்ணும்போது எந்தெல் ஏதோ பேச்சுக் கொடுத்துவிட்டான். இன்னொரு கைப்பிடி வேகவைத்துச் சேர்த்தாள். இளஞ்சூட்டில் ரொட்டி ஈஸ்ட் தூவி, மறுநாள் நுரை ஏறி இறங்கியதும் இரண்டு பால் கேன்களில் நிரப்பி, நிலவறையில் வைத்தாயிற்று. சவப்பெட்டிக்குச் சொல்லியாயிற்று. அவனுடைய கறுப்புக் கோட்டின் பித்தானைத் தைத்தாயிற்று. இனி அவன் வேலைதான் பாக்கி.

அவன் அதைச் செய்வதாகக் காணோம்.

ஒன்பதாம் நாள் எந்தெல் நிலவறையில் ஒரு கோப்பை குடித்துப் பார்த்து, "அடேயப்பா!" என்றான். உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, "பீர் ரெடி. நீ என்னடா பண்ற?" என்று கேட்டான்.

"இர்ரா. வர்ற சனத்துக்கு முன்னால தலை சீவ வேணாமா?" என்றான் இல்மார். இருவரும் சிரித்தார்கள். சாவைப் பற்றி அவன் இப்படித்தான் பேசுவான். பயம் என்பதே அவன் அகராதியில் இல்லை என்று சால்மே எந்நாளும் நம்பியிருந்தாள்.

இரண்டு வாரம் தாண்டியது. செவிலி புருவத்தை உயர்த்திவிட்டுப் போனாள். சால்மே அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், சூப் ஊட்டினாள், நிலவறைக்குப் போய்க் கேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பதினெட்டாம் நாள் புதன்கிழமை, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். நாளைக்குள் போய்விட்டால் திங்கட்கிழமை அடக்கம். பீர் தாங்கும்.

என்ன நினைத்தோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. புருஷன் சாக நாள் குறிக்கிறாள். வெட்கமாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. மூடியை அழுத்தி மூடிவிட்டு மேலே வந்தாள்.

வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் சூப்பை ஒரு வாய் வாங்கியவன், "நேத்து உருளைக்கிழங்கு வெந்த தண்ணியிலதானே வச்ச?" என்றான். உண்மைதான்.

"சாகப் போற நேரத்துல நாக்கப் பாரு!"

"நாக்குதான் கடைசியா சாகும் போல. போ, ஒரு கோப்பை பீர் கொண்டா."

கொண்டுவந்தாள். முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். ஆள் காய்ந்த சுள்ளியாக இருந்தான். ஒரு மடக்கு குடித்தான். வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்தான். எப்போதும் கண்ணை மூடுகிறவன், இன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான்.

"புளிச்சிருச்சு" என்றான்.

"புளிச்சிருச்சா?"

"ஆரம்பிச்சிருச்சு. ஊத்திடு. இதை வச்சு என்னைப் பொதைச்சா மானம் போயிடும். புதுசா போடு." அவள் முகத்தைப் பார்க்காமல், "அவசரம் ஒண்ணுமில்ல. நிதானமா போடு" என்றான்.

சால்மே மிச்சக் கோப்பையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். அங்கே நின்று அதைக் குடித்தாள். இனிப்பு, ஜூனிபரின் லேசான காரம், தொண்டையில் ஹாப்ஸின் கசப்பு. இரண்டாவது கேனிலிருந்தும் மொண்டு குடித்தாள். புளிப்பு பேருக்குக்கூட இல்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் போட்ட பீரில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

எட்டா ஒன்பதா என்று ஒரு கரண்டியில் கண்டுபிடித்த நாக்கு. சூப்புத் தண்ணீரைக் கண்டுபிடித்த நாக்கு. மற்ற விஷயங்களில் பொய் சொல்லியிருக்கிறான், பீர் விஷயத்தில் அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவள் முதல் கேனின் காதைப் பிடித்துப் படியேற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இழுத்தாள். வெளியே பனி முழங்கால் உயரம். வேலிப் பக்கம் கேனைச் சாய்த்தபோது எந்தெல் ஓடி வந்தான்.

"ஏய் சால்மே, என்ன பண்ற? பைத்தியமா?"

"புளிச்சிருச்சு."

அவன் வழிந்துகொண்டிருந்ததில் கையை ஏந்திக் குடித்தான். "எவன் சொன்னான்? தேவாமிர்தமா இருக்கு! உன் நாக்கு செத்துப் போச்சா?"

"இல்மார் சொன்னான்."

"அவன் கிடக்கான். அவனுக்கு மருந்துல நாக்கு..."

"அவன் நாக்கு நல்லாத்தான் இருக்கு, எந்தெல்." அவள் கேனை இன்னும் சாய்த்தாள். "அவனுக்குச் சாக பயமா இருக்கு. புதுசு ஒண்ணு போட்டா அதுக்கும் நாளாகும்ல. நான் ஒரு பாவி, பீர் கெடுறதுக்குள்ள அவன் போயிடணும்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அடக்கமாக வரவில்லை, மூக்கும் வாயும் கோணி, மாடு கத்துவது போல வந்தது. வலித்தது. எந்தெல் நிலவறைக்குப் போய் இரண்டாவது கேனைத் தூக்கிவந்து, அவனே அதைக் கவிழ்த்தான். வெள்ளைப் பனியில் பழுப்பாக ஓட்டை விழுந்து, பீர் ஆவியில்லாமல் உள்ளே போயிற்று.

சால்மே பனியை அள்ளி முகத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். இல்மார் விழித்துக்கொண்டுதான் கிடந்தான்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன். வாயில வைக்க முடியல, அப்படிப் புளிப்பு."

"நான் சொன்னேன்ல" என்றான். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் பக்கமாக வைத்தான், அவள் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

"மால்ட் தீர்ந்து போச்சு, இல்மார். பார்லியை ஊறவச்சு, முளைகட்டி, காயவச்சுத்தான் போடணும். மூணு வாரம் இழுக்கும். பரவாயில்லையா?"

அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"பரவாயில்ல. நான் இருக்கேன்" என்றான்.

சரக்கறையில் மூன்று மூட்டை மால்ட் அடுக்கி இருந்தது. அது அவனுக்கும் தெரியும். சால்மே எழுந்து போய், ஒரு படி பார்லியை அளந்து தண்ணீரில் போட்டாள்.