கால்வாயோரத்து மூன்று வரிசை

காலையிலேயே அனீபல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்துவிட்டார். தான் தயாரித்த மால்பெக் சிவப்பு வைன் மூன்று பாட்டில். அர்ஜென்டினாவில், இந்த மெந்தோசாவின் எந்தக் கடையிலும் அடித்தட்டில் கிடைக்கும். சிமெண்டுத் தொட்டியில் கிடந்து பக்குவமானது, மரப்பீப்பாயைக் கண்டதில்லை. அதைப் புனல் வைத்து, விலை உயர்ந்த மலைத்தோட்டத்து வைனின் காலி பாட்டில்களில் ஊற்றினார்.

மகள் மாலேனாவின் வருங்கால மாமனார் லிசாந்த்ரோ குடும்பத்தோடு புவேனஸ் ஐரிஸிலிருந்து முதன்முறையாக வருகிறார். வைன் நன்றாகத்தான் இருந்தது. அதன் லேபிளைத்தான் மேசையில் வைக்க மனம் வரவில்லை.

இறைச்சி வாட்டச் செலெதோனியோ வந்திருந்தார். அனீபலின் வைனுக்கு முப்பது வருடமாகத் திராட்சை வளர்ப்பவர். வைன் படிப்புப் படித்த அனீபலைத் தோட்டத்தில் மற்றவர்கள் 'என்ஜினியர்' என்பார்கள்; இவருக்கு மட்டும் 'தம்பி'. அவர் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துச் சொல்லும் நாளில்தான் அறுவடை.

"ஆகா!" என்றார் லிசாந்த்ரோ, முதல் மடக்கிலேயே. "சம்பந்தி, இதுக்குப் பேருதான் வைன்."

கரியடுப்பின் பக்கத்தில் நின்றபடி செலெதோனியோவும் குடித்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, இது நம்ம கால்வாயோரத்து மூணு வரிசைத் திராட்சைடா! ஆலங்கட்டி அடிச்ச வருஷம். நானும் என் பொண்டாட்டியும் அடிபட்டதையெல்லாம் கையாலேயே கிள்ளி எறிஞ்சோமே! கடைசியில அந்த உப்பு தெரியுது பாரு."

லிசாந்த்ரோ வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவரே, நீங்க கறியைப் பாருங்க. இந்த ஒரு பாட்டிலுக்கு உங்க வைன் ஒரு பெட்டி வரும்."

எல்லோரும் அனீபலைப் பார்த்தார்கள். மாலேனாவும்.

"இது மலைத்தோட்டத்து வைன்," என்றார் அனீபல்.

செலெதோனியோ கோப்பையை மீண்டும் முகர்ந்தார். "இருக்கும். நாக்கு செத்துப்போச்சு போல." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எலும்புத் துண்டைத் திருப்பிப் போட்டார். அதற்குமேல் அவர் கோப்பையைத் தொடவில்லை. சாப்பிடும்போது சோடா மட்டும் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து, அறுவடை நாள் குறிக்க அனீபல் தோட்டத்துக்குப் போனார். கால்வாயோரத்தில் செலெதோனியோ நின்றிருந்தார். பழத்தைப் பறித்து அனீபலின் கையில் கொடுத்தார், வாயில் போடவில்லை.

"சக்கரை அளக்குற மெஷின்லயே பாத்துக்க தம்பி. என் நாக்கை நம்பி உன் வைனைக் கெடுத்துக்காத."

அனீபல் மெஷினை எடுக்கவில்லை. பழம் கையில் நசுங்கியது.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான். நம்ம வைன்தான் அது. பாட்டில்தான் வேற. நான்தான் மாத்தி ஊத்தினேன்."

செலெதோனியோ கொடிகளின் பக்கம் திரும்பினார். ஒரு பழத்தைப் பறித்தார். மெதுவாகக் கடித்தார். விதையை உள்ளங்கையில் துப்பி, விரலால் புரட்டிப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள் பொறுங்க, என்ஜினியர்."

இந்த முப்பது வருடத்தில் அவர் அனீபலை அப்படி அழைத்ததில்லை.